ஆர்லிஸ் வீட்டு ஃபில்டர்

"கடைசியா எப்போ மாத்தினே?"

யார் வீட்டுக்குப் போனாலும், சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் ஆர்லிஸ் கேட்கிற கேள்வி இது. கேட்பது சமையலறைத் தண்ணீர் ஃபில்டரைப் பற்றி.

"போன வருஷமோ என்னமோ..." என்று யாராவது இழுத்தால் போதும். நீட்டிய காபியைக் கையால் தொட மாட்டாள்.

"ஆறு மாசத்துக்கு மேல போச்சுன்னா அது ஃபில்டர் இல்லம்மா, அழுக்கு மூட்டை. அதுக்கு வெறும் குழாய்த் தண்ணியே தேவலை."

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆர்லிஸின் ஊரைச் சுற்றிலும் சோளக்கொல்லை. போடுகிற உரமெல்லாம் மழையோடு இறங்கிக் கிணற்றில் சேர்ந்துவிடும். ஆகவே அவள் சொன்னதில் தப்பில்லை. சொன்ன விதம்தான் ஊருக்குப் பிடிக்கவில்லை.

அவள் வீட்டுக்கு ஆறு மாதத்துக்கொரு முறை புது ஃபில்டர் பெட்டி வந்துவிடும். மாட்டுவது கணவன் டுவேனின் வேலை. முழங்கால் வலி என்று அவள் சிங்க்குக்குக் கீழே குனிந்தே வருஷக்கணக்காகிறது.

"மாத்தியாச்சு," என்பான் டுவேன்.

அவள் ஒரு வாய் குடித்துப் பார்ப்பாள். "பாத்தியா, ருசியே வேற."

"ம்," என்பான் டுவேன். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை.

எதிர் வீட்டில் மரிசேலா குடியிருந்தாள். அவளும் புருஷனும் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். வாடகை வீடு, ஆழமில்லாத கிணறு, அதுவும் சோளக்கொல்லையை ஒட்டி. போன வருஷம் அவள் நிறைமாதமாக இருந்தபோது ஆர்லிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"பிள்ளை பெத்துக்கத் தெரியுது. எந்தத் தண்ணியைக் குடிக்கிறோம்னு தெரியல."

"வீட்டுச் சொந்தக்காரன் ஃபில்டர் போட்டுத் தர மாட்டேங்கிறானாம். நாம ஏதாவது செய்யலாமே," என்றான் டுவேன்.

"நாமளா? இன்னிக்கு ஃபில்டர்னு வருவாங்க. நாளைக்குக் காரைக் குடுன்னு நிப்பாங்க. அதெல்லாம் அவங்க பாடு."

"ம்," என்றான் டுவேன்.

இந்த வசந்தத்தில் சுகாதார அலுவலகத்துக்காரர்கள் சர்ச் ஹாலில் இலவசமாகத் தண்ணீர் சோதித்துத் தருவதாக அறிவித்தார்கள். தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கி, பாட்டில்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தது ஆர்லிஸ்தான். எதிர் வீட்டு பாட்டிலையும் மறக்கவில்லை. அந்தத் தண்ணீரின் லட்சணம் நாலு பேருக்கு முன்னால் தெரியட்டும் என்று நினைத்தாள்.

சோதிக்க வந்த ஜோலீன் ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள்.

"இந்த வட்டாரத்துல இவ்வளவு சுத்தமான தண்ணி நான் பாத்ததில்ல. ஃபில்டரை நேரத்துக்கு மாத்தறாங்கன்னு நல்லாத் தெரியுது. யாரு இவங்க?"

ஆர்லிஸ் எழுந்தே நின்றுவிட்டாள்.

ஜோலீன் பாட்டிலைத் திருப்பிப் பேரைப் படித்தாள். "மரிசேலா."

நின்றவள் அப்படியே உட்கார்ந்தாள்.

"ஆர்லிஸ், நீங்க ஃபில்டர் குழாய்ல பிடிக்காம வேற குழாய்ல பிடிச்சிட்டீங்களா?" என்றாள் ஜோலீன். "பயப்பட ஒண்ணுமில்ல. உங்க கிணறு ஆழம், உரம் இறங்கல. ஆனா இது நேராக் கிணத்துத் தண்ணி."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் மாதிரி இல்லை.

"பாட்டில் மாறிப் போச்சு," என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள் ஆர்லிஸ். டுவேன் மீன் பிடிக்கப் போயிருந்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்து சிங்க்கின் கீழ்க் கதவைத் திறந்தாள்.

ஃபில்டர் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு குழாய், சுவரிலிருந்து நேராக மேலே போயிற்று. நறுவிசான வேலை. டுவேன் கை பட்ட வேலை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. தெருவைக் கடந்து போய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

இடுப்பில் குழந்தையோடு மரிசேலா வந்தாள். குழந்தை வாயில் பால் பாட்டில்.

"உன் சிங்க்குக்குக் கீழே நான் பாக்கணும்."

மரிசேலா அவளை உள்ளே கூட்டிப்போய்த் திறந்து காட்டினாள். அங்கே இருந்தது. ஆர்லிஸ் கடையில் நின்று தேர்ந்தெடுத்த அதே ஃபில்டர். போன மாதம் டுவேன் 'மாத்தியாச்சு' என்று சொன்ன புதுசு உள்ளே பளிச்சென்று தெரிந்தது.

அவன் சொன்னதில் பொய்யில்லை; எந்த வீட்டில் மாற்றினான் என்று அவள்தான் கேட்கவில்லை. அவனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"இது யாரோடதுன்னு தெரியுமா உனக்கு?" ஆர்லிஸ் ஃபில்டரைச் சுட்டிக் காட்டினாள்.

"தெரியாம இருக்குமா?" மரிசேலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "இந்தக் கிணத்துத் தண்ணியில பால்மாவு கலந்தா குழந்தை உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. என்ன செய்யறதுன்னு தெரியாம உக்காந்திருந்தோம். உங்க வீட்டுக்காரர் இதைத் தூக்கிட்டு வந்து நின்னார்."

ஆர்லிஸ் கையை உருவப் பார்த்தாள். மரிசேலா விடவில்லை.

"உங்களுக்கு நன்றி சொல்லணும்னு எத்தனையோ தடவை கிளம்பினேன், மிஸஸ் ஆர்லிஸ். அவர்தான் தடுத்துட்டார். 'குடுக்கச் சொன்னதே ஆர்லிஸ்தான். ஆனா வெளிய தெரிஞ்சா அவளுக்கு ரொம்ப வெக்கமாப் போயிடும்'னார்."