ஏழாம் வார்டும் பன்னிரண்டாம் வார்டும்

"ஏழாம் வார்டு சொல்றதைப் பார்த்தா, அறுபது வயசு தாண்டினவங்களை எல்லாம் மூட்டை கட்டி ஊருக்கு வெளியில கொண்டுபோய் இறக்கணும் போலிருக்கு!"

பன்னிரண்டாம் வார்டு உறுப்பினர் மேஜையைத் தட்டிய வேகத்தில் நகரமைப்பு அதிகாரியின் தேநீர் வரைபடத்தின் மேல் தளும்பியது. அவர் அவசரமாகக் கைக்குட்டையால் ஒற்றினார். நல்லவேளை, நனைந்தது ஏரி.

அடுத்த இருபது வருடத்துக்கான வீட்டுவசதித் திட்டம் அது. அதிகாரி இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து நாலு நாள்தான் ஆகிறது. முன்பிருந்தவர் இதே கோப்போடு இதே நகராட்சிக் குழுவின் முன்னால் மூன்று தடவை வந்து, மூன்று தடவையும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனாராம். இன்று சாயங்காலத்துக்குள் குழு கையெழுத்துப் போடாவிட்டால் ஒதுக்கிய நிலம் கையை விட்டுப் போய்விடும். நானூறு குடும்பங்கள் ஒழுகுகிற கூரையின் கீழே இன்னும் எத்தனை மழையைப் பார்க்க வேண்டுமோ!

சிக்கல் எல்லாம் ஒரே பக்கத்தில்தான். பத்தொன்பதாம் பக்கம். வயதானவர்களுக்குக் கிழக்கே தனிக் குடியிருப்பு, இளம் குடும்பங்களுக்கு மேற்கே தனிக் குடியிருப்பு.

இந்தக் குழுவில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வார்டு எண்தான். பெயர் சொன்னால் விவாதம் சொந்தச் சண்டை ஆகிவிடுகிறது என்று தலைவர் போட்ட சட்டம். அதனால் அதிகாரிக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: ஏழாம் வார்டு என்றால் நரைத்த கொண்டையும் தடித்த மூக்குக் கண்ணாடியுமாக இருக்கும் அம்மாள். பன்னிரண்டாம் வார்டு என்றால் முப்பது வயதுப் பெண், மைக் தேவைப்படாத குரல். இருவரும் எதிரெதிர்க் கட்சி.

"உங்க கட்சிக்கு மனுஷங்க எல்லாம் மூட்டையாத்தான் தெரிவாங்க," என்றார் ஏழாம் வார்டு. "வயசானவங்களுக்கும் காலை நீட்டிப் படுக்க ஒரு இடம் வேணும். டிவி சத்தத்தைக் குறைங்கன்னு யாரும் சொல்லாத இடமா இருக்கணும். சின்னஞ்சிறுசுகளும் நிம்மதியா இருக்கட்டுமே."

"நிம்மதி வேணும்னு யாரு கேட்டா? திடீர்னு தலை சுத்தி விழுந்தா, மேற்குல இருக்கறவங்க கிழக்குக்கு எப்படி வர்றது? ரெண்டு பஸ் மாறியா?"

"விழுந்தா எழுந்துக்கத் தெரியும்!"

"எழுந்துக்கற லட்சணம் எங்களுக்குத் தெரியாதாக்கும்!"

"ஏய், பேசாம உக்காரு!"

"உக்காருங்க," என்று திருத்தினார் தலைவர்.

"சரி, உக்காருங்க!"

மற்ற உறுப்பினர்கள் கமுக்கமாகச் சிரித்தார்கள். ஒருவர் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சுவர்க் கடிகாரம் நாலேகாலைக் காட்டியது. ஐந்துக்குக் கூட்டம் முடிந்துவிடும்.

அவர் துணிந்து பென்சிலை எடுத்தார். பத்தொன்பதாம் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"மேடம், இப்படிச் செஞ்சா என்ன? கிழக்கும் வேண்டாம், மேற்கும் வேண்டாம். ஒரே மாடியில ரெண்டு வீடு. பெருசு ஒண்ணு, பக்கத்துலயே சின்னது ஒண்ணு. தனித்தனி வாசல், தனித்தனி சமையல். நடுச்சுவத்துல மட்டும் ஒரு கதவு."

இரண்டு பேரும் எழுந்து வந்து வரைபடத்தின் மேல் குனிந்தார்கள்.

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?" என்றார் ஏழாம் வார்டு.

"அது... பெரிய வீட்டுப் பக்கம் வைக்கலாம்."

"எதுக்கு? நினைச்சப்ப எல்லாம் திறந்துக்கிட்டு வந்து 'சாப்பிட்டாச்சா, படுத்தாச்சா'ன்னு உயிரை எடுக்கவா? சின்ன வீட்டுப் பக்கம் வைங்க."

"நல்லா இருக்கே! உள்ள தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு மாத்திரை போடாம ஏமாத்தவா? நடக்காது."

"ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு..." என்று இழுத்தார் அதிகாரி.

"தாழ்ப்பாளே வேண்டாம்," என்றார் பன்னிரண்டாம் வார்டு.

ஏழாம் வார்டு கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தட்டிட்டுத்தான் வரணும்," என்றார் கடைசியில்.

"தட்டிட்டே வருவோம்."

"அப்ப சரி. பேனாவைக் கொடுங்க."

இரண்டு கையெழுத்தும் விழுந்தன. மற்றவை தாமாகவே விழுந்தன. தலைவர் முத்திரை குத்திய சத்தம் அதிகாரியின் காதுக்கு மேளச் சத்தமாகக் கேட்டது. நானூறு வீடு!

கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் படியிறங்கினார். கீழே வாசலில் ஏழாம் வார்டு தனியாக நின்றுகொண்டிருந்தார். பாவமாக இருந்தது.

"அம்மா, ஜீப்புல வீட்டுல இறக்கி விடட்டுமா? அந்தப் பன்னிரண்டாம் வார்டு இன்னிக்கு உங்களைக் கொஞ்சம் அதிகமாவே பேசிட்டாங்க. மனசுல வச்சுக்காதீங்க."

"அவ கிடக்கறா தம்பி," என்று சிரித்தார் அந்த அம்மாள். "எனக்கு வண்டி வந்துக்கிட்டே இருக்கு."

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு ஸ்கூட்டர் சர்ரென்று வந்து நின்றது. ஓட்டி வந்த பன்னிரண்டாம் வார்டு இறங்கி, இன்னொரு ஹெல்மெட்டை அந்த நரைத்த தலையில் மாட்டி, முகவாய்க்குக் கீழே பட்டையை இழுத்துப் பொருத்தினாள்.

"ஏறுங்க அத்தை. பேசினது எல்லாம் மேல அந்த ரூமோட இருக்கட்டும். நீங்க தனியா போக இடம் கேட்டது உங்க பிள்ளை காதுல விழுந்தா, மனுஷன் சாப்பிடாம கொள்ளாம உக்காந்துடுவாரு!"