இசக்கியம்மாளின் ஜோடி

ஆண்டு விழாக் கோலாட்டம் எப்போதும் தையல் டீச்சர் தலையில்தான் விழும். மேலப்பாளையம் தாண்டி இருந்த அந்த உயர்நிலைப் பள்ளியில் 1994லும் ஞானசௌந்தரி டீச்சர்தான் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் ஷெட்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

கோலாட்டத்துக்கு ஜோடி வேண்டும். இசக்கியம்மாளுக்குப் போன வருஷம் ஜோடியாக ஆடிய ஸ்டெபி, காலாண்டு லீவில் மூளைக்காய்ச்சல் கண்டு இறந்துபோயிருந்தாள்.

"நீ இந்தத் தடவ கடவுள் வாழ்த்துப் பாடுதியாம்மா?" என்று கேட்டார் டீச்சர்.

"வேண்டாம் டீச்சர். நான் இங்கனயே நின்னு காத்துல அடிச்சிக்கிடுதேன்."

பார்க்கப் பாவமாக இருந்ததால் டீச்சர் விட்டுவிட்டார். பாட்டு ஓடியது, கோல்கள் சடசடத்தன. எங்கோ ஓர் அடி மட்டும் பிந்தி விழுந்துகொண்டிருந்தது. யார் என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு ஜோடியாக ஆடவிட்டார். ஒருவரிடமும் பிசகில்லை. கடைசியில் இசக்கியம்மாளைத் தனியாக ஆடச் சொன்னார்.

வெறும் காற்றில் அவள் வீசிய கோல், இன்னொரு கோலில் மோதியதுபோல் சத்தம் போட்டது. வலது கை அடி சரியாக இருந்தது. இடது கை அடி கொஞ்சம் பிந்தியது. போன வருஷம் முழுக்க டீச்சர் திருத்திப் பார்த்துத் தோற்ற பிசகு அது.

மற்ற பிள்ளைகள் அசையவில்லை. இசக்கியம்மாள் ஆடிக்கொண்டே டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் அவள் கண்ணில் முட்டிக்கொண்டு நின்றது.

டீச்சர் அவளுக்கு எதிரே காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார்.

"இடது கை இன்னும் பிந்துது, ஸ்டெபி."

அடுத்த அடி தாளத்தில் விழுந்தது.