ஒலுவிலுக்கு மேலே ஒரு குட்டி ஜெட்

மழை மூட்டத்தில் இருண்டு கிடக்கும் அறையில் கணினித் திரை மட்டும் வெளிச்சமாக இருக்கிறது. விமான சிமுலேட்டரில் இன்று புதிதாகச் சேர்த்த குட்டி ஜெட்டை சிப்னா ஒலுவில் கரைக்கு மேலே ஓட்டிப் பார்க்கிறாள். திரையில் விரிவது பழைய செய்மதிப் படம். கடல் கொண்டுபோன அவள் குடும்பத்தின் வளவுத் தென்னைகளும் ஓட்டு வீடும் அதில் இன்னும் நிற்கின்றன. பின்னால் நிற்கும் வாப்பாவின் கையில் பிளேன்டீ ஆறிப்போகிறது. கண்ணிமைப்பதற்குள் வீடு கடந்துவிடுகிறது. அவர் கேட்டதற்காக அவள் நான்காவது முறையும் ஜெட்டைத் திருப்பிக் கொண்டுவருகிறாள். “கொஞ்சம் மெல்லப் போ மகள்.” “இது ஜெட் வாப்பா. மெல்லப் போனா விழுந்திடும்.” ஜன்னலுக்கு வெளியே அலை அடித்துக்கொண்டே இருக்கிறது. “விழட்டும்,” என்கிறார் வாப்பா. “நம்மட வளவுக்குள்ளதானே விழும்.”