சாவியால் கீறிய பெயர்

சுற்றிப் பார்க்க வந்த முகுந்தனுக்கு அந்தக் கடற்கரையில் யாரும் முகம் கொடுக்கவில்லை. இடிந்த வெள்ளைக்காரன் கோட்டையின் சுவர் முழுக்கப் பெயர்கள் வெட்டப்பட்டிருந்தன. எல்லாரும் செய்வதுதானே என்று அவனும் பைக் சாவியால் தன் பெயரைக் கீறினான். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கும்போது, கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து அவனைச் சூழ்ந்தார்கள்.

“கடலுக்குப் போயிப் பொணங்கூடக் கெடைக்காதவங்க பேரத்தான் இதுல வெட்டுவோம். எம்புள்ளைங்க ரெண்டு பேரும் ஒம்பேருக்கு மேல இருக்கானுங்க” என்றாள் அவர்களில் ஒருத்தியான செபஸ்தியம்மாள்.

முகுந்தன் பதறிப்போய் உள்ளங்கையால் தேய்த்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினாள்.

“எழுதினத அழிக்கிற பழக்கம் எங்களுக்குக் கெடையாது.”

சுவரடியில் கிடந்த மெழுகுவத்தித் துண்டொன்றை எடுத்து, அவன் பெயருக்குக் கீழே ஏற்றி வைத்தாள்.

“செத்தவங்க பூசையில ஒம்பேரச் சொல்லணும். ஒங்கப்பன் பேரு என்ன?”