தண்ணீர் அடுப்பு

ஆண்டர்சன்பேட்டை ஜவுளிக்கடை ஏகநாதன், தண்ணீரில் எரியும் அடுப்பைக் கண்டுபிடிக்க இரண்டு வருஷமாகக் கொல்லைக் கொட்டகையிலேயே கிடந்தார். கடையை மனைவி வனஜா பார்த்துக்கொண்டாள். பதினோரு தடவை தோற்றாயிற்று.

"இன்னைக்கும் எரியலேன்னா, நாளைக்கே கடையில வந்து ஒக்காந்துக்கறேன். நீ வூட்டைப் பாத்துக்க."

வனஜா அடுப்பைத் தானே எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "எரியுங்க," என்றாள்.

வேடிக்கை பார்க்க வந்த சுரங்கத் தொழிலாளி ஒருவன் கேட்டான்: "இன்னா மொதலாளி, கொழாயத் தொறந்தா ஊரே பத்திக்குமா?"

ஏகநாதன் அடுப்புத் தொட்டியில் தண்ணீரை ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்தார். குப்பென்று வெள்ளைச் சுடர் எழுந்தது. கூட்டம் மூக்கைச் சுளித்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பலமாகக் கைதட்டியது.

"பாத்தியா வனஜா!" அவர் கண் கலங்கினார். "இனிமே கடைப் பக்கமே வரமாட்டேன்."

எல்லோரும் போனபின், சுரங்கத்தில் வேலை பார்க்கும் ஆறுமுகம் அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"சுரங்க வெளக்குல போடற கார்பைடு கல்லு ஒரு பிடிதான் குடுத்தேன், நீங்க தொட்டியில போட. தண்ணி பட்டதும் எப்பிடி எரிஞ்சுது பாத்தீங்களா, மொதலாளிம்மா? சுரங்க ஷாப்டுல எறங்குன எல்லாருக்கும் வாசனையிலேயே தெரிஞ்சுபோச்சு. பாவம், அவருகிட்டயும் சொல்லிடலாமா?"

"சொன்னா, என் கடையில வந்து ஒக்காந்துக்குவாரு," என்றாள் வனஜா. "அடுத்த தபா ரெண்டு பிடியா கொண்டா."