நாற்பது அடித் தண்ணீர்

மலையில் மரங்களை வெட்டிய நாளிலிருந்து ஒவ்வொரு மழையும் அணைக்குள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது. அடியில் குடியிருந்த ஆமைக்குத்தான் அது தெரிந்தது. முப்பது அடிக்கு மண் ஏறிவிட்டது. கோடைக்கு ஒதுங்கும் பள்ளமெல்லாம் மூடிப் போயிற்று. அணைச்சுவரோரம் நட்டிருந்த அளவுகோலிடம் அது மூன்றாம் முறையாக முறையிடப் போனது. முறையிட்டுப் பழகிய ஆமை; வெட்கப்படவில்லை.

“அண்ணே, நாற்பது அடி என்று காட்டுகிறீர்கள். அதில் முப்பது மண்ணாயிற்றே. பார்க்க வருகிற அதிகாரிகளிடம் சொல்லுங்கள், தூர் வாரட்டும்.”

“தண்ணீர் எதுவரை ஏறியது என்றுதான் என்னைக் கேட்கிறார்கள். அடியில் என்ன கிடக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை,” என்றது அளவுகோல். “நாற்பதைத் தொட்டால் வந்து பூத்தூவுகிறார்கள். பத்து என்று சொன்னால் எவன் வருவான்?”

“கழுத்துவரை புதைந்த பிறகும் உங்களுக்குப் பூ கேட்கிறதா?”

கோடையில் மதகைத் திறந்தார்கள். பத்தே நாளில் தண்ணீர் தீர்ந்து, சேறு காய்ந்து வெடித்தது. ஆமை வேறு குளம் தேடிப் புறப்பட்டது.

“எங்கே போகிறாய்? இன்னும் முப்பது அடி இருக்கிறதே,” என்றது அளவுகோல்.

ஆமை அந்த முப்பது அடியின் மேல் நடந்தே கரையேறியது.