சனிக்கிழமை பிளேட்டுகள்

பிளேட்டை அமுக்கிக்கொண்டு போகிறவரிடமே, எந்த மெஷின் வாங்கலாம் என்று யோசனை கேட்க வேண்டிய நிலைமை பிரேமலதாவுக்கு.

ஸ்ரீரங்கத்தில் சின்னதாக ஓர் ஆப்செட் பிரஸ் அவளுடையது. பில் புக், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர். டிசைன் அவள் வேலை, மெஷின் ஓட்டுவது தைரியராஜ். அச்சடிக்கத் தேவையான அலுமினிய பிளேட்டுகளை மட்டும் காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் கொடுத்துப் போட்டு வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை லீவு. சாவு என்ன கிழமை பார்த்தா வருகிறது? அவசர போஸ்டரெல்லாம் வேறு பிரஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தது.

லேசர் பிரிண்டர் ஒன்று இருந்தால் பிளேட்டை இங்கேயே எடுத்துவிடலாம். அதற்காக நகையை அடகு வைக்கவும் துணிந்துவிட்டாள். மெஷின் சொதப்பினால் பிரஸ்ஸை மூட வேண்டியதுதான்.

ஆனால் லேசரில் வருவது பிளாஸ்டிக் மாதிரி ஒரு பிளேட். அச்சடித்து முடித்தால் குப்பை. அலுமினியம் அப்படியில்லை, எடைக்குப் போட்டால் காசு. அந்தப் பழைய பிளேட்டுகளைத்தான் தைரியராஜ் சனிக்கிழமைதோறும் மொபெட்டில் கட்டிக்கொண்டு போவார். நல்ல மெஷின்மேன் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால், பிரேமலதா பார்த்தும் பாராதது போல இருந்தாள்.

"வரும்படி போயிடும்னு எந்த மெஷினைக் காட்டினாலும் நொட்டைதான் சொல்வாரு, பாரு" என்று கணவன் நவநீதன் வேறு கிளப்பிவிட்டான்.

தைரியராஜைக் கூட்டிக்கொண்டு அவள் போன துவாக்குடி டீலர் கடையில் இரண்டு பிரிண்டர்கள் இருந்தன. பார்க்க சாதாரண ஆபீஸ் பிரிண்டர் மாதிரிதான். பட்டனைத் தட்டினார்கள். அலைந்து, காத்திருந்து, அரை நாள் கழித்து வாங்கி வருகிற பிளேட், பேசிக்கொண்டிருக்கும்போதே சூடாக வெளியே வந்து விழுந்தது. மருந்தில் முக்குவதும் இல்லை, கழுவுவதும் இல்லை.

தைரியராஜ் அதைத் தடவிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அங்கிருந்த ஆப்செட்டில் மாட்டி மத்தியானம் வரைக்கும் ஓட்டினார். முதல் பிரிண்டரின் எழுத்து கொஞ்ச நேரத்திலேயே மங்கியது. இரண்டாவது, கடைசித் தாள் வரை கருகருவென்று விழுந்தது.

"அதிசயம்தான் மேடம்" என்றார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டாவதையே எடுங்க. நம்ம வேலையில முக்காவாசிக்கு இனிமே அலுமினியமே வேண்டாம்."

பிரேமலதா இதை எதிர்பார்க்கவில்லை. வீட்டில் சொன்னபோது நவநீதன் அசரவில்லை. டீலரிடம் கமிஷன் பேசியிருப்பார் என்றான். சந்தேகம் வந்துவிட்டால் ஆள் எப்படி நடந்தாலும் குற்றம்தான்.

அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் நேரிலேயே கேட்டுவிடலாமென்று, அந்த ஞாயிற்றுக்கிழமை கொள்ளிடக்கரையில் இருந்த தைரியராஜின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி பாக்கியமேரி, அடிபம்புப் பக்கம் இருக்கிறார் என்று கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே வெயிலில் ஏதோ பளபளத்தது. கிட்டப் போனால், சவுக்குக் கழி நட்டு, சுவர் மாதிரி ஆணியடித்து, எல்லாம் அவளுடைய பழைய பிளேட்டுகள். தைரியராஜ் சுத்தியலோடு எழுந்து நின்றார்.

"இந்தத் தெருவுல யார் வீட்டுலயும் குளிக்க மறைவு கிடையாதுங்க" என்றாள் பாக்கியமேரி. "பொம்பளைங்க எல்லாம் இருட்டோட எழுந்து, பயந்துக்கிட்டே குளிச்சுட்டு ஓடுவோம். இது முடிஞ்சுட்டா வெளிச்சத்துல நிம்மதியா குளிக்கலாம்."

பலகைக் கதவைத் தள்ளிக்கொண்டு பிரேமலதா உள்ளே போனாள். எழுத்தெல்லாம் உள்பக்கம் பார்த்திருந்தது. யார் யாரோ கல்யாணம், யார் யாருக்கோ கண்ணீர் அஞ்சலி, புத்தூர் மருந்துக் கடையின் பில். அத்தனையும் அவள் கை பட்ட டிசைன். இத்தனை வருஷத்தில் தன் வேலையை இவ்வளவு அழகாக அவள் பார்த்ததே இல்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனே, அண்ணே."

"வெட்கமா இருந்துச்சு மேடம்."

"அப்புறம் ஏன் லேசரை எடுக்கச் சொன்னீங்க?"

"நீங்க மெஷினைப் பத்தித்தானே கேட்டீங்க?"

அவள் திரும்பினாள். மூன்று பக்கம்தான் சுவர் ஏறியிருந்தது. இன்னும் பிளேட் சேராத நாலாவது பக்கத்தில், வெறும் கழியில் ஒரு பழைய சேலை தொங்கிக்கொண்டிருந்தது.